பிளம்பர் சக்கரபாணிக்கு வந்த பட்டம்

சக்கரபாணிக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்காரும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்ன வயசுல எதுனா நடந்துச்சா?" என்று கேட்பார்கள். ஒரு சாவு, ஒரு தீராத நோய், பலிக்காமல் போன ஒரு வேண்டுதல், ஏதாவது ஒன்றைச் சொன்னால் அவர்கள் மனசு ஆறும். சக்கரபாணியிடம் அப்படி ஒன்றும் கிடையாது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலையும் நெல்லும் போட்ட குடும்பம். அப்பா எண்பத்திரண்டு வயது வரை இருந்து, சாப்பிட்டுப் படுத்து, தூக்கத்திலேயே போனார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. பன்னிரண்டு வயதில் ஆடி மாதக் கூழ் வார்த்தலன்று எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அவரும் மூடினார். உள்ளே ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து, சொம்பை எடுத்துக்கொண்டு கூழுக்கு வரிசையில் நின்றார். அவ்வளவுதான் கதை.

"இத்த எத்தினி தரம் சொல்றது?" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சலித்துக்கொள்வார். "ஒருத்தன் நம்பலைன்னா அவனுக்கு எவனாவது செத்திருக்கணுமா?"

அவருக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சொந்த வீடு. வாசலில் நின்றால் கிரிவலப் பாதை நாற்பது அடி. அந்தப் பகுதியின் தங்கும் விடுதிகளுக்கும் வாடகை அறைகளுக்கும் காபிக் கடைகளுக்கும் முப்பது வருஷத்துக்கு மேலாக அவர்தான் பிளம்பர். எந்த மாடியில் எந்தச் சாமியார் குளித்தால் எந்தக் கீழ்வீட்டுச் சுவர் ஊறும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

ஆனால் ஒருவனை நிம்மதியாக நம்பாமல் இருக்க விடாத ஊர் அது. விடுதி முதலாளி ஒருவர், சக்கரபாணி ஏணியில் நின்று கீசரைக் கழற்றும்போதெல்லாம் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "நாத்திகமும் ஒரு மார்க்கம்தான்யா. எந்தப் பக்கம் சுத்தினாலும் கடைசில அங்கதான் வந்து சேரணும்" என்பார். "இந்தத் தண்ணி எங்க வந்து சேருதுன்னு மொதல்ல பார்ப்போங்க" என்பார் சக்கரபாணி. பல வருஷமாக அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, விடுதிப் பையன் மூலமாக அவருக்கு ஒரு சேதி சொன்னார். கடவுளையே விட்டுவிட்டதால் சக்கரபாணி தங்களையெல்லாம் தாண்டிய நிலையில் இருக்கிறாராம். சேதி வந்தபோது அவர் கை முழங்கை வரைக்கும் அடைபட்ட குழாய்க்குள் இருந்தது.

சரி, நம்மைப்போல நாலு பேர் இருப்பார்களே என்று ஒரு தடவை பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றுக்குப் போனார். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் தோளில் கைபோட்டு, "சக்கரபாணிங்கறது பெருமாள் பேரு தோழர். மாத்திக்கணும்" என்று சொல்லி, தாளில் மூன்று பெயர்கள் எழுதிக் கொடுத்தார். சக்கரபாணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இவங்களும் பேர் ராசி பாக்கறாங்க ரேணுகா" என்றார். அதோடு அங்கேயும் போவது நின்றது.

ரேணுகா என்கிற ரேணுகாம்பாள் சந்தவாசல் பக்கம். படவேட்டு அம்மன் பெயரை வைத்த வீட்டிலிருந்து வந்தவளுக்குப் பக்தி எப்படி இல்லாமல் போகும். விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அடைப்பு எடுக்க வந்த சக்கரபாணிக்கு டார்ச் பிடித்தாள். அடைப்பிலிருந்து யாரோ காகிதத்தோடு கொட்டிய ஒரு கிலோ விபூதி கட்டியாக வந்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை ஒரு பக்கெட்டில் போட்டு, "இத்த எங்க கொட்டட்டும்? உங்களுக்குக் கால் படாத எடமா சொல்லுங்க" என்றார். நாலு மாதம் கழித்து அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"நீங்க கும்பிட வேணாம். நான் கும்பிடும்போது சிரிக்க வேணாம்."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் சிரித்தார். படையலில் இருந்த வடையைப் பூனை கவ்விக்கொண்டு ஓடியபோது. அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

மற்றபடி ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே நடந்தது. சமையலறையில் அவளுக்குச் சாமி அலமாரி அடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆடி வெள்ளியில் படவேட்டுக்கு மொபெட்டில் கூட்டிக்கொண்டு போய், அவள் உள்ளே போய் வரும்வரை புளியமரத்தடியில் செருப்புக்குக் காவலாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பௌர்ணமிதோறும் அவள் மலையைச் சுற்றப் போவாள். திரும்பி வரும்போது கல்லுப்புப் போட்ட வெந்நீர் ஒரு அன்னக்கூடையில் தயாராக இருக்கும். அவள் காலை அதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நம்பிக்கை அவளுடையது, கால் வலி தனக்கும் சம்பந்தப்பட்டது என்பது அவர் கணக்கு.

வம்பு அவரைத் தேடி வந்தது நாலு வருஷத்துக்கு முன், ஒரு சித்திரா பௌர்ணமி சாயங்காலம்.

வாசலில் ஐம்பது வயதுள்ள ஒரு அம்மாள் வந்து நின்றாள். ஆந்திராவிலிருந்து பஸ்ஸில் வந்தவள். தமிழ் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையே எல்லாவற்றையும் சொல்லியது. வழியில் கழிப்பறைகள் இல்லாமல் இல்லை. அன்றைக்கு இருந்த கூட்டத்துக்கு முன்னால் எத்தனை இருந்தாலும் பத்தாது. கிளம்பிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் வெளியே வந்தபோது கூட வந்த ஐந்து பேர் வாசலில் நின்றார்கள். அவர்களும் போய் வந்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு முப்பது பேர். அதற்கடுத்த மாதம் சக்கரபாணி வேலையிலிருந்து வந்தபோது தன் வீட்டுக்குள் போக அவரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

"ஐயா, லைன்ல வாங்க" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

"இது என் வீடும்மா."

"எல்லாருக்கும் அவசரம்தாங்க."

ஐந்தாவது மாதம் செப்டிக் டேங்க் நிறைந்து பின்பக்கம் பொங்கியது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தபடி சக்கரபாணி கத்தினார். "உங்க சாமி அத்தினி பேரையும் நடக்க வெச்சாரே, நடுவுல ஒண்ணுக்கு வருமேன்னு யோசிச்சாரா?"

அது சிரிப்பில் சேருமா சேராதா என்று ரேணுகாம்பாளுக்கே சந்தேகமாக இருந்திருக்கும். பினாயில் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், வேங்கிக்காலில் ஒரு புது வீட்டில் பைப்பு இழுத்துக்கொண்டிருந்தவர், எதிர்மனையில் வேலை செய்த சித்தாள் பெண் ஒருத்தி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காததைக் கவனித்தார். கேட்டதற்கு, "குடிச்சா போகணும்ணே. எங்க போறது?" என்றாள். சக்கரபாணி ரெஞ்சைக் கீழே வைத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்தை அளந்தார். இரண்டு மாதத்தில் அங்கே வெளிப்பக்கமாகக் கதவு வைத்து மூன்று கழிப்பறை எழுந்தது. சிமெண்ட் உறை இறக்கித் தனி டேங்க். மேலே ஐந்நூறு லிட்டர் தொட்டி. தண்ணீர் போகும் சரிவை மூன்று தடவை மட்டம் பார்த்தார். செய்வதைச் சரியாகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது.

வந்த பெண்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனால் போதும். போகமாட்டார்கள். காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பைக்குள்ளிருந்து பிரசாதம் எடுத்துக் கொடுப்பார்கள். "அண்ணாமலையார்தாங்க உங்க கையால கட்ட வெச்சாரு" என்பார்கள். "கட்டினது நான், கொத்தனாரு, ரெண்டு சித்தாளு. வேற யாரும் வரலை" என்று சக்கரபாணி சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் உருகிப்போனார்கள். ஒரு மாதம் விடிந்து பார்த்தால் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வுக்கு மேலே மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த மாதம் மறுபடி இருந்தது. கற்பூரம் கொளுத்திய கறை ஒன்று தரையில். "டைல்ஸ்ல கற்பூரம் கொளுத்தாதீங்க" என்று எழுதிப் போட்டார். அந்தத் தாளுக்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு ராமதாஸ், தெருமுனையில் இளநீரும் மோரும் விற்கிறவர், ஒரு நாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "எதுக்கு அண்ணே கோபம்? ஜாஸ்தி பேர் கும்பிட்டா உனக்குத்தான நல்லது. ஒரு படம் மாட்டிடு, சுவத்துல எவனும் துப்பவும் மாட்டான்."

"கழுவற எடத்துல படம் மாட்டச் சொல்றியே, நீதான்யா பக்தன்" என்றார் சக்கரபாணி. ராமதாஸ் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் போன தை மாதம் இராமலிங்கம் வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், அருணை அடியார் நற்பணிச் சபை என்று ஒன்றுக்குச் செயலாளர். கரைவேட்டி, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம், கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் அச்சடித்த அழைப்பிதழ். ஆண்டு விழாவில் 'சிவத்தொண்டர் மாமணி' என்ற பட்டம் சக்கரபாணி, ரேணுகாம்பாள் தம்பதியருக்கு வழங்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இன்னாங்க இது? என்னை ஒரு வார்த்தை கேக்காம அடிச்சிருக்கீங்க" என்றார் சக்கரபாணி.

"போன வாரமே வந்து அம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே போனேன்" என்றார் இராமலிங்கம்.

சக்கரபாணி திரும்பிப் பார்த்தார். ரேணுகாம்பாள் புடவைத் தலைப்பால் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இராமலிங்கம் படி இறங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஆரம்பித்தார். முப்பத்தோரு வருஷமாகத் தான் ஒரு வார்த்தை மீறியதில்லை, இப்போது அவள் மீறிவிட்டாள். தன் பெயருக்கு முன்னால் சிவத்தொண்டர் என்று போட்டு ஊர் முழுக்க நோட்டீஸ் போகிறது. இனிமேல் தன் வாய்ச்சொல்லை எவன் நம்புவான். ஒரு மனுஷன் தனக்கென்று வைத்திருந்தது இது ஒன்றுதான், அதையும் பிடுங்கிக் கோயிலில் கட்டியாயிற்று. அரைமணி நேரம் போனது.

ரேணுகாம்பாள் அரிசியைப் புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நந்தினி கல்யாணத்துல நான் எங்க நின்னேன், தெரியுமா உங்களுக்கு?"

சக்கரபாணிக்குப் புரியவில்லை. மகள் கல்யாணம் நடந்து ஆறு வருஷமாகிறது. மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி செய்ய ஆசைப்பட்டார்கள், மகளும் சரி என்றாள். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் நான் மணையில் உட்காரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ரேணுகாம்பாளின் தம்பி சகாதேவனும் அவன் மனைவியும் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மண்டபத்து மோட்டார் நின்றுபோக, சக்கரபாணி மொட்டைமாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"தூணுக்குப் பின்னாடி நின்னேன்" என்றாள். "பெத்தவ நான். என் பொண்ணு கையத் தண்ணி ஊத்திக் கொடுத்தது என் தம்பி பொண்டாட்டி. நான் அட்சதைத் தட்டைப் புடிச்சிக்கினு நின்னேன்."

"நான் உக்காரமாட்டேன்னுதான சொன்னேன். உன்னை உக்காராதன்னு சொன்னனா?"

"புருஷன் உசுரோட இருக்கறப்ப நான் தனியா மணைல உக்காந்தா ஊர்ல என்னா பேரு?"

சக்கரபாணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எந்த வீட்டுக் கிரகப்பிரவேசம்னாலும் ஜோடியா வாங்கன்னுதான் கூப்பிடறாங்க. நான் ரெண்டாவது வரிசைல நிப்பேன். உங்களைக் குறை சொல்லலை. தெரிஞ்சுதான் கட்டிக்கினேன். ஒரு நாள் ரெண்டு பேரையும் சேர்த்து மேடைக்குக் கூப்பிடறேன்னாங்க. சரின்னுட்டேன். அவ்ளோதான்." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். "வேணாம்னா போன் பண்ணிச் சொல்லிடுங்க. நம்பர் பத்திரிகைல இருக்குது."

அவர் போன் செய்யவில்லை. கடவுளை நம்பாததற்குத் தான் மட்டும்தான் விலை கொடுத்ததாக நினைத்திருந்தார். சொந்தக்காரன் திட்டினால் தாங்கினார், வேலை கொடுக்க மறுத்தவனை விட்டுத்தள்ளினார். பாதி விலையை வேறொருத்தி தூணுக்குப் பின்னால் நின்று கொடுத்திருக்கிறாள். இதில் யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மணையில் ஜோடியாகத்தான் உட்கார வேண்டும் என்று விதி போட்டவன் மேலா, அந்த விதிக்குக் கட்டுப்பட்ட இவள் மேலா, ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராத தன் மேலா? மூன்று பேர் மேலுமே கோபம் வந்தது. அந்த வாரம் அவர் மாற்றிய குழாய் எல்லாம் அளவுக்கு மேல் இறுகிப்போனது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "வர்றேன். ஆனா மைக்கைக் கொடுத்தா உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "வெள்ளை சட்டை ஒண்ணு எடுக்கணும் உங்களுக்கு."

விழா ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண மண்டபத்தில். ரேணுகாம்பாள் மகள் வாங்கிக்கொடுத்த மயில்கழுத்துப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முதல் வரிசையில் இரண்டு நாற்காலியில் அவர்கள் பெயர் ஒட்டியிருந்தது. அவள் உட்கார்வதற்கு முன் அந்தத் தாளைக் கிழியாமல் உரித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை சக்கரபாணி பார்த்தார். நாலு பேர் பேசினார்கள். ஒருவர் பேசி முடிக்கவே நாற்பது நிமிஷம் ஆயிற்று. மேடைக்குப் பின்னால் ஏதோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த வாஷர் போயிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அவர் அந்தப் பேச்சைத் தாண்டினார்.

கடைசியில் தம்பதியரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரே சால்வையை இரண்டு பேர் தோளிலும் சேர்த்துப் போர்த்தினார்கள். மாலை விழுந்தது. நெற்றிப் பக்கம் வந்த விபூதித் தட்டை சக்கரபாணி கையால் தடுத்து, மனைவி பக்கம் திருப்பிவிட்டார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாதுங்க. சின்ன வயசுலேர்ந்தே கிடையாது. இத்த நான் தொண்டுன்னு செய்யலை. பொம்பளைங்க பதினாலு கிலோமீட்டர் நடக்கறாங்க. நடுவுல போறதுக்கு எடம் வேணும். இல்லைன்னா தண்ணி குடிக்காம நடக்கறாங்க, அது ஒடம்புக்குக் கெடுதல். பாதையோரம் வீடு இருக்கறவங்க அந்த ஒரு நாள் ஒரு கதவைத் திறந்துவிட்டா போதும். டேங்க் கட்டறதுல சந்தேகம் இருந்தா நான் வந்து பாத்துச் சொல்றேன். இந்தப் பட்டம் எனக்குப் பொருந்தாது. ரேணுகாம்பாளுக்குப் பொருந்தும். மொதல்ல கதவைத் திறந்தது அவங்கதான்."

சொல்லியாயிற்று என்று சக்கரபாணிக்கு நெஞ்சு லேசானது.

இராமலிங்கம் மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "பார்த்தீர்களா அன்பர்களே. எனக்குப் பக்தியே இல்லை என்கிறார். நான் செய்தது தொண்டே இல்லை என்கிறார். இந்த அடக்கம் யாருக்கு வரும்? இதுவல்லவா உண்மையான சிவபக்தி."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ "அண்ணாமலையாருக்கு" என்று எடுத்துக்கொடுக்க, மண்டபமே "அரோகரா" என்றது.

"இல்லைங்க, நான் நெஜமாவேதான் சொல்றேன்" என்று சக்கரபாணி கையை நீட்டினார். மைக் அடுத்த பட்டம் வாங்குகிறவர் பக்கம் போய்விட்டது. யாரோ அவர் முழங்கையைப் பிடித்து மரியாதையாகப் படி இறக்கிவிட்டார்கள். கீழே ஒரு கிழவர் அவர் காலைத் தொட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"எதுக்கு வாயைக் கட்டிக்கினு உக்காந்திருக்கீங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

"என்னா பிரயோஜனம்? ஒருத்தனும் கேக்கலை."

"நான் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோபமாத்தான் இருந்துச்சு" என்றாள். "இத்தினி பேர் முன்னாடி எதுக்கு இப்படின்னு. அப்பறம் நெனைச்சேன். சொல்லாம எறங்கி வந்திருந்தீங்கன்னா, பத்து நாளைக்கு வீட்ல மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு இருப்பீங்க. அத்த யாரு பாக்கறது? சாப்பிடுங்க, பாயசம் வருது."

அவர் சாப்பிட்டார். பாயசத்தில் இனிப்பு கம்மி என்று குறை சொன்னார். அதைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாயிற்று.

கை கழுவுமிடத்தில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். பெயர் திரௌபதி. கிரிவலப் பாதையில் தேங்காய், பூ விற்கிறவள், கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு.

"நீங்க பேசினீங்களே" என்றாள். "சாமி இருக்குது இல்ல, அது உங்க பாடு. அந்தத் தண்ணி குடிக்காம நடக்கறாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது நெஜம். என் கடையாண்ட வந்து நின்னு முழிப்பாங்க. வீட்டுக்குப் பின்னால அஞ்சுக்கு ஆறு எடம் இருக்குது. ஒரு கக்கூஸ் கோப்பை வெக்க முடியுமா பாருங்க."

அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொன்னது ரேணுகாம்பாளைத் தவிர காதில் விழுந்தது இவள் ஒருத்திக்குத்தான் என்று சக்கரபாணிக்குத் தோன்றியது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கே கடப்பாரை, மண்வெட்டி, மட்டப்பலகையோடு போய் இறங்கினார். கூட ரேணுகாம்பாளும் வந்திருந்தாள். திரௌபதி வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. ஒம்போது மணி ஆவட்டும்."

"கக்கூஸ் நோண்டறதுக்கு என்னாம்மா ராகு காலம்?"

"எதுக்கா இருந்தா என்னா? பள்ளம் பள்ளந்தான."

சக்கரபாணி மனைவியைப் பார்த்தார். அவள் பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்து மல்லிகை தொடுக்க உட்கார்ந்துவிட்டாள். இந்த விஷயத்தில் அவளிடமிருந்து உதவி வராது என்று தெரிந்தது. ஒன்றரை மணி நேரக் கூலி போகிறது. வேங்கிக்காலில் ஒருவர் தொட்டி பொங்குகிறது என்று மூன்றாம் தடவை போன் பண்ணிவிட்டார்.

"சரி, நோண்டலை" என்றார். "அளக்கலாமா? அளக்கறது ஆரம்பிக்கறதுல சேராது இல்ல?"

திரௌபதி கொஞ்சம் யோசித்தாள். "அளக்கறது சேராது" என்றாள்.

அவர் அளந்தார். ஒன்பது மணி வரை அளந்துகொண்டே இருந்தார். அவ்வளவு துல்லியமாக அளந்த கழிப்பறை அந்த மாவட்டத்திலேயே இருக்காது.

பதினோரு நாளில் வேலை முடிந்தது. விழாவுக்கு வந்த முந்நூறு பேரில் வேறு யாரும் கூப்பிடவில்லை. ஆடையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் போன் பண்ணி, சிவத்தொண்டர் என்பதால் கூலியைக் குறைப்பீர்களா என்று கேட்டார். சக்கரபாணி போனை வைத்துவிட்டார்.

மாசிப் பௌர்ணமிக்கு அவர் வீட்டு வாசலில் வரிசை முன்பைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. ரேணுகாம்பாள் சாயங்காலமே நடக்கப் போய்விட்டாள். அவர் தொட்டி நிறையும் வரை மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளாற கற்பூரம் கொளுத்தாதீங்கம்மா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பேர் தலையாட்டினார்கள், மீதி பேர் கும்பிட்டார்கள்.

அவள் திரும்பி வந்து வெந்நீரில் காலை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"திரௌபதியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள். "நல்ல கூட்டம். தண்ணி நல்லா வருது."

சக்கரபாணி தலையை ஆட்டினார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"தாழ்ப்பாள்தான் சரியில்லை. கையால புடிச்சிக்கினே உக்கார வேண்டியிருக்குது."

"தாழ்ப்பாள் கார்ப்பெண்டர் வேலை" என்றார் அவர், சுருக்கென்று. பிறகு எழுந்து போய்க் கருவிப் பையில் திருப்புளி இருக்கிறதா என்று பார்த்தார்.